எலிஸ்டா கழிப்பறையிலிருந்து கிராம்னிக்கின் பட்டியல் வரை: செஸ்ஸில் யார் யாரைச் சந்தேகிப்பது?

(இணைய உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கு மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

ஓரச்சிப்பாய்

முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக் என்றால் இன்றைய பையன்களுக்கு, ஆன்லைனில் யார் யார் ஏமாற்றுகிறார்கள் என்று பட்டியல் போடும் மனிதர். எனக்கு நினைவுக்கு வருவது பூட்டிய ஒரு கழிப்பறைக் கதவு.

2006, ரஷ்யாவின் கல்மிக்கியாவில் உள்ள எலிஸ்டா நகரம். பல்கேரியாவின் டோபலோவும் ரஷ்யாவின் கிராம்னிக்கும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். நான்கு ஆட்டம் முடிந்தபோது கிராம்னிக் 3-1 என்று முன்னால் இருந்தார். அந்த நேரம் பார்த்து டோபலோவின் மேலாளர் டனாய்லோவ் புகார் கொடுத்தார்: இவர் ஐம்பது தடவைக்கு மேல் கழிப்பறைக்குப் போகிறார், அங்கே மட்டும்தான் கேமரா இல்லை. அவர் நிறையத் தண்ணீர் குடிப்பார், நடந்துகொண்டே யோசிப்பார் என்று கிராம்னிக் தரப்பு விளக்கம் சொன்னது. மேல்முறையீட்டுக் குழு தனிக் கழிப்பறைகளைப் பூட்டிவிட்டு, இருவரும் பொதுவான ஒன்றைப் பயன்படுத்தச் சொன்னது. கிராம்னிக் ஐந்தாவது ஆட்டத்துக்குப் பலகைப் பக்கமே போகாமல், தன் கழிப்பறையைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கடிகாரம் ஓடியது, ஆட்டம் போனது.

அதோடு விடவில்லை. கிராம்னிக்கின் நகர்த்தல்களில் எத்தனை சதவீதம் ஃபிரிட்ஸ் 9 என்ற செஸ் மென்பொருளோடு ஒத்துப்போகிறது என்று டனாய்லோவ் ஒரு கணக்கையும் வெளியிட்டார். கடைசியில் 6-6 ஆகி, சமநிலையை முறிக்கும் வேக ஆட்டங்களில் (ராபிட் டைபிரேக்) கிராம்னிக் வென்றார். நான் அன்று முழுக்க முழுக்க கிராம்னிக் கட்சி. 'வெறும் சதவீதத்தை வைத்து ஒரு மனிதனை எப்படித் திருடன் என்கிறீர்கள்' என்று எங்கள் கிளப்பில் கத்தியிருக்கிறேன்.

அதே மனிதர் 2023இலிருந்து சதவீதங்களை வைத்துக்கொண்டு அடுத்தவரைச் சந்தேகிக்கிறார்.

இவர் மட்டும் என்றால் தனிமனிதக் குணம் என்று விட்டுவிடலாம். 2015 துபாய் ஓப்பனில் ஜார்ஜியாவின் நிகாலிட்ஸே திரும்பத் திரும்ப ஒரே கழிப்பறைக்குள் போவதைக் கவனித்துப் புகார் செய்தவர் ஆர்மீனியாவின் டிக்ரான் எல். பெட்ரோசியன் (பழைய உலகச் சாம்பியன் இல்லை, இவர் வேறு). பார்த்தால் கழிவுக்கலத்துக்குப் பின்னால் காகிதம் சுற்றிய செல்போன். நிகாலிட்ஸே 'என்னுடையது இல்லை' என்றார். ஆனால் போனில் திறந்திருந்த சமூக வலைத்தளக் கணக்கு அவருடையது! கிராண்ட்மாஸ்டர் பட்டம் போனது, மூன்று வருடத் தடை. பிடித்துக் கொடுத்த பெட்ரோசியனை எல்லோரும் பாராட்டினோம். ஐந்து வருடம் கழித்து, 2020இல், ஆன்லைன் புரோ செஸ் லீக் இறுதிப் போட்டியில் விதிமீறல் என்று செஸ்.காம் இணையதளம் அதே பெட்ரோசியனுக்கு ஆயுள் தடை விதித்தது.

ஏன் இப்படி நடக்கிறது? செஸ்ஸில் மட்டும்தானா?

குதிரைவால்

அண்ணா, டிலூகியை விட்டுவிட்டீர்களே! இந்தக் கதைக்கெல்லாம் தாத்தா அதுதான்.

2012இல் பல்கேரியாவின் போரிஸ்லாவ் இவானோவ் குரோஷியாவின் ஸடாரில் கிராண்ட்மாஸ்டர்களை வரிசையாகச் சாய்த்தார். எப்படி என்று யாருக்கும் பிடிபடவில்லை. அடுத்த வருடம் பல்கேரியாவில் ஒரு போட்டி. அங்கே ஆடிய அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் மாக்ஸிம் டிலூகிக்குச் சந்தேகம் ஷூ மேல். முதலில் தன் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் காட்டிவிட்டு, 'நீயும் கழற்று' என்றார். இவானோவ் மறுத்துவிட்டார். காரணம்? என் சாக்ஸ் நாறும்!

இந்த டிலூகி யார்? 2022இல் அமெரிக்க இளைஞர் ஹான்ஸ் நீமன் ஏமாற்றினாரா என்ற சர்ச்சையின்போது, 'அவருடைய வழிகாட்டி டிலூகி நன்றாகவே வேலை செய்திருக்கிறார்' என்று அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சன் பேட்டியில் ஊசி ஏற்றினாரே, அதே டிலூகி. செஸ்.காம் அவருடைய கணக்கை அதற்கு முன்பே மூடியிருந்த விஷயமும், அது தொடர்பான மின்னஞ்சல்களும் உடனே வெளியே வந்தன. அவரும் தன் தரப்பு விளக்கத்தைக் கொடுத்தார், அதை யார் படித்தார்கள்.

ஸ்டாவங்கர் ரசிகன்

கார்ல்சனை இந்த வரிசையில் கோர்க்காதீர்கள். டனாய்லோவ் தன் ஆள் தோற்றுக்கொண்டிருக்கும்போது புகார் கொடுத்தவர். கார்ல்சன் பத்து வருடமாக உலகின் முதல் ஆள், அவருக்கு இதில் என்ன லாபம்?

நடந்ததைச் சொல்கிறேன். 4 செப்டம்பர் 2022, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ், சின்க்ஃபீல்ட் கோப்பை மூன்றாம் சுற்று. கார்ல்சன் கிளாசிக்கலில் (நீண்ட நேர ஆட்டம்) 53 ஆட்டமாகத் தோற்கவில்லை. வெள்ளைக் காய் அவருக்கு, எதிரே 19 வயது நீமன். அந்தப் பையன் கறுப்பில் ஆடி அலட்டிக்கொள்ளாமல் ஜெயித்துவிட்டான். மறுநாள் கார்ல்சன் போட்டியை விட்டே விலகினார். அவர் போட்டது, 'நான் பேசினால் பெரிய சிக்கலாகிவிடும்' என்று கால்பந்துப் பயிற்சியாளர் மொரினோ சொல்லும் வீடியோ மட்டும்.

முக்கியமான இடங்களில்கூட எதிராளியிடம் பதற்றமே இல்லை, ஆட்டத்தில் முழுக் கவனம்கூட இல்லாத மாதிரி இருந்தது என்று பிற்பாடு எழுதினார். வாழ்நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருப்பவனின் மூச்சைப் படித்தவருக்கு அது தெரியாதா?

ஓரச்சிப்பாய்

தெரியலாம். ஆனால் 'பையன் பதறவில்லை' என்பது சாட்சியம் ஆகுமா? குகேஷ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நாளைக்கு அவரையும் சொல்லலாமே.

லாபம் என்ன என்று கேட்டீர்கள். கார்ல்சனின் பிளே மேக்னஸ் நிறுவனத்தை செஸ்.காம் வாங்கும் பேச்சு அந்த மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. அவர் விலகிய கையோடு செஸ்.காம் நீமனின் கணக்கை மூடியது. திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தோன்றும் என்பதைச் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஆன்லைன் போட்டி ஒன்றில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். நீமன் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார், கார்ல்சன் குதிரையை எடுத்தார், நீமன் இன்னொரு சிப்பாயைத் தள்ளினார். அவ்வளவுதான், கார்ல்சன் தோல்வியை ஒப்புக்கொண்டு கேமராவை அணைத்துவிட்டார். ஒரே ஒரு நகர்த்தல்! நம் ஊரில் பந்தியில் உட்கார்ந்தவன் இலையில் உப்பு வைத்ததும் எழுந்து போவது மாதிரி. அவமானப்படுத்த இதைவிட வேறு வழி இல்லை.

ஸ்டாவங்கர் ரசிகன்

பந்தி உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் செஸ்.காம் அறிக்கையை மறந்துவிட்டீர்கள். 72 பக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்லைன் ஆட்டங்களில் நீமன் ஏமாற்றியிருக்க வாய்ப்பு உண்டு, அதில் பரிசுப் பணம் உள்ளவையும் இருக்கின்றன என்று எழுதினார்கள். அவரே 12 வயதிலும் 16 வயதிலும் செய்ததாக ஒப்புக்கொண்டவர்.

எலோ கணக்குப்பிள்ளை

அதே அறிக்கை, நேருக்கு நேர் பலகையில் அவர் ஏமாற்றியதாக உறுதியான ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. ரசிகர்கள் இரண்டாம் பாதியைப் படிப்பதில்லை. நேரடி ஆட்டங்களைப் புள்ளிவிவரத்தால் ஆராய்ந்த நிபுணர் கென் ரீகனும் சந்தேகப்படும்படி ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்.

ரீகன் முறையை இப்படிப் புரிந்துகொள்ளுங்கள். 2700 ரேட்டிங் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் புள்ளி) உள்ள ஒருவர் குறிப்பிட்ட வகை நிலைகளில் எஞ்சினின் (செஸ் மென்பொருளின்) முதல் தேர்வை எத்தனை தடவை போடுவார் என்று பழைய ஆட்டங்களிலிருந்து ஓர் எதிர்பார்ப்பு கிடைக்கும். உங்கள் ஆட்டம் அந்த எதிர்பார்ப்பை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பார்கள். எல்லா நகர்த்தலுக்கும் எஞ்சினைக் கேட்பவன் இதில் கட்டாயம் மாட்டுவான். ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் நகர்த்தலைக்கூடச் சொல்லாமல் 'இங்கே ஏதோ இருக்கிறது, நிறுத்தி யோசி' என்று மட்டும் ஒரு கிராண்ட்மாஸ்டருக்குச் சாடை கிடைத்தால்? அது எந்தக் கணக்கிலும் விழாது. எனக்கெல்லாம் ஒன்றிரண்டு தடவை உதவி இருந்தால் போதும் என்று கார்ல்சனே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

ஆக, கணக்கு மோசக்காரனையும் முழுதாகப் பிடிக்காது, நிரபராதியையும் முழுதாகக் காப்பாற்றாது. அதனால்தான் இந்தச் சண்டை ஓய்வதில்லை.

வாசலில் காத்திருப்பவள்

நான் செஸ் ஆட மாட்டேன். பையன் ஆடுகிறான், நான் மண்டப வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் பேட்டிகளை விடாமல் பார்ப்பேன்.

நீமன் பேட்டி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கார்ல்சனை ஜெயித்ததும், அந்த ஓப்பனிங்கை ஏதோ அதிசயமாக அன்று காலைதான் பார்த்தேன் என்றார். கார்ல்சன் அதை 2018இல் லண்டனில் ஆடியிருக்கிறார் என்றார். எல்லோரும் தேடினால் அது 2019இல் கொல்கத்தா. உடனே 'பார், பொய் சொல்கிறான்' என்று கூட்டம் கிளம்பிவிட்டது. எனக்கு அதில் பொய் தெரியவில்லை. என் பையனும் ஜெயித்துவிட்டு வெளியே வந்தால் அப்படித்தான் ஊர், வருடம் எல்லாம் மாற்றி மாற்றி உளறுவான்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு பேட்டி. முகம் சிவந்து, வேகவேகமாக, ஆமாம் 12 வயதில் செய்தேன், 16 வயதில் செய்தேன், வேண்டுமானால் துணியே இல்லாமல் ஆடுகிறேன், எந்த அலையும் நுழையாத பெட்டிக்குள் வைத்து ஆடச் சொல்லுங்கள் என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

காரணம் சொல்கிறேன். ஊரடங்கு சமயம். பையனுக்கு அப்போது 11. ஆன்லைனில் திடீரென்று ரேட்டிங் ஏறிக்கொண்டே போனது. கோச் பாராட்டினார். நானும் உறவுக்காரர்களிடம் பெருமை பேசிவிட்டேன். ஒருநாள் படுக்கையைத் தட்டும்போது தலையணைக்குக் கீழே என் பழைய போன். உடைந்த ஸ்கிரீன், ஆனாலும் எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பலகை, ஓரத்தில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. எனக்கு எண்கள் புரியவில்லை, ஆனால் அவன் முகம் புரிந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கணக்கை அழிக்கவைத்தேன், போனைப் பழைய சாமான்காரரிடம் போட்டேன். இன்று அவனுக்கு 16. நேர்மையாகத்தான் ஆடுகிறான், எனக்குத் தெரியும். நாளைக்கே அவன் ஒரு பெரிய ஆளை ஜெயித்தால் அந்தத் தலையணையைத் தூக்கிப் பார்ப்பீர்களா?

ஸ்டாவங்கர் ரசிகன்

அக்கா, உங்கள் பையனையும் நீமனையும் ஒப்பிட முடியாது. பரிசுப் பணம் வைத்து ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். ஒருமுறை செய்தவன் மேல் சந்தேகம் வருவது இயற்கை.

வாசலில் காத்திருப்பவள்

சந்தேகம் வரட்டும் தம்பி, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை வருடத்துக்கு என்று கேட்கிறேன்.

மண்டபத்து நடுவர்

மேடம் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். நான் ரேட்டிங் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன். பெரிய இடத்துக் கதையெல்லாம் எனக்குத் தெரியாது, கல்யாண மண்டபத்துக் கதை தெரியும்.

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி ஆட்டக்கூடத்தில் ஆட்டக்காரரிடம் செல்போன் இருந்தால் தோல்விதான். போட்டி விதியில் அனுமதி இருந்தால், முழுக்க அணைத்துப் பையில் வைக்கலாம். எளிமையான விதி. நடைமுறையில் என்ன ஆகும்? கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரோடு நான் வாசலில் நிற்பேன். எட்டு வயதுக் குழந்தை வரும். கருவி அலறும். பார்த்தால் வெள்ளி அரைஞாண். அடுத்த பையன், தாயத்து. அதற்கடுத்த பையன் பெல்ட். பத்து நிமிடத்தில் நானும் களைத்துவிடுவேன், கருவியும் சும்மா கத்துகிறது என்று எல்லோரும் சிரிப்பார்கள். உண்மையிலேயே ஒருவன் ஏமாற்ற நினைத்தால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்து உள்ளே போய்விடலாம்.

இன்னொன்று. ஒருமுறை பத்து வயதுப் பெண் குழந்தை தன்னைவிட 300 ரேட்டிங் அதிகமுள்ள பையனை வென்றுவிட்டது. பையனின் அப்பா ஓடிவந்தார். 'கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தப் பெண்ணின் தாத்தா நின்றார், மூக்கைச் சொறிந்தார், அது சாடை' என்றார். தாத்தாவைப் பார்த்தேன். அவருக்கு யானை எப்படிப் போகும் என்றே தெரியாது. இருந்தாலும் புகார் வந்தால் நான் பதிவு செய்தாக வேண்டும். அன்று சாயங்காலம் அந்தக் குழந்தை அழுதுகொண்டே அடுத்த சுற்றை ஆடித் தோற்றது.

சாடை என்பது கட்டுக்கதையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் ரஷ்யாவின் கான்டி-மான்சிஸ்க் ஒலிம்பியாடில் பிரான்ஸைச் சேர்ந்த மூவர் செய்தது அதைத்தான். ஒருவர் பிரான்ஸில் உட்கார்ந்து எஞ்சினைப் பார்த்து எஸ்எம்எஸ் அனுப்புவார். அணி கேப்டன் கூடத்துக்குள் குறிப்பிட்ட மேசைகளுக்குப் பின்னால் போய் நிற்பார். எந்த மேசையோ அதுதான் கட்டம். செபாஸ்டியன் ஃபெல்லர் அதைப் பார்த்துக் காயை நகர்த்துவார். மூவருக்கும் தடை கிடைத்தது. அதனால்தான் நான் தாத்தாவின் மூக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

குதிரைவால்

நடுவர் சார், நம் நாட்டிலும் 2006இல் டெல்லியில் ஒருவர் தொப்பிக்குள் புளூடூத் வைத்துத் தைத்துக்கொண்டு வந்து மாட்டினார், பத்து வருடத் தடை. இவர் தொப்பியைக் கழற்றவே மாட்டார்!

பழைய பலகை

தம்பிகளா, இதெல்லாம் எஞ்சின் வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்காதீர்கள்.

1972இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் அமெரிக்காவின் ஃபிஷரிடம் சோவியத்தின் ஸ்பாஸ்கி தோற்றுக்கொண்டிருந்தபோது, ஏதோ மின்கருவியோ ரசாயனமோ வைத்து அவரைப் பாதிக்கிறார்கள் என்று சோவியத் தரப்பு புகார் செய்தது. நாற்காலியைச் சோதித்தார்கள், விளக்குகளைக் கழற்றினார்கள். கிடைத்தது செத்த ஈக்கள் இரண்டு.

1978இல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் நடந்த கார்போவ்-கோர்ச்னாய் உலகப் பட்டப் போட்டி இன்னும் வேடிக்கை. ஆட்டத்தின் நடுவே கார்போவுக்கு ஒரு கிண்ணம் தயிர் வந்தது. அது சங்கேதமாக இருக்கலாம் என்று கோர்ச்னாய் தரப்பு எழுத்துப்பூர்வமாக ஆட்சேபித்தது. முன்வரிசையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருந்த ஸூக்கார் என்ற உளவியலாளர் மனவசியம் செய்கிறார் என்றார்கள். கோர்ச்னாய் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் மூக்குக்கண்ணாடியோடு வந்தார். அன்று எஞ்சினும் இல்லை, செல்போனும் இல்லை. சந்தேகம் மட்டும் இதே அளவு இருந்தது.

கண்ணெதிரே நடந்ததை யாரும் கேட்காத கதையும் உண்டு. 1994, ஸ்பெயினின் லினாரெஸ். காஸ்பரோவ், எதிரே 17 வயது ஜூடித் போல்கர். காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டு, ஆபத்தைப் பார்த்ததும் வேறு கட்டத்துக்கு மாற்றினார். கையை விட்டால் ஆட்டம் அதுதான், நம் தெருப் பையனுக்கும் தெரியும். ஒரு நொடியில் கால் பங்கு நேரம் விரல் விலகியிருந்தது என்று பிறகு வீடியோ காட்டியது. போல்கர் அங்கேயே முறையிடவில்லை. உலகச் சாம்பியன் மேல் ஒரு சின்னப் பெண் புகார் சொன்னால் யார் கேட்பார்கள்? ஓரச்சிப்பாய் கேட்ட கேள்விக்கு ஒரு துணைக் கேள்வி: புகார் சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது? கார்ல்சன் மொரினோ வீடியோ போட்டால் உலகமே எழுந்து நிற்கிறது. இதையே நீமன் செய்திருந்தால் தோற்றவன் புலம்புகிறான் என்றிருப்போம்.

எலிஸ்டா பகை எவ்வளவு தூரம் போனது தெரியுமா? டோபலோவும் கிராம்னிக்கும் பிறகு கை குலுக்காமலே ஆடினார்கள். 2008இல் நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேவில் டோபலோவின் உதவியாளர் செபரினோவ், இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டுக்குக் கை கொடுக்க மறுத்தார். டோபலோவ் அணியைப் பற்றி ஷார்ட் முன்பு பேசியதற்குப் பதில். நடுவர் செபரினோவுக்குத் தோல்வி கொடுத்தார், மேல்முறையீட்டில் ஆட்டத்தை மறுபடி ஆடவைத்தார்கள், ஷார்ட் அதிலும் ஜெயித்தார். ஒரு கைகுலுக்கலுக்கு இவ்வளவு.

நம் ஆனந்துக்கும் இதில் பங்கு உண்டு. 2010இல் பல்கேரியாவின் சோஃபியாவில் டோபலோவோடு உலகப் பட்டப் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலையிலேயே போனார். மூன்று நாள் தள்ளிவைக்கக் கேட்டார், ஒரு நாள்தான் கொடுத்தார்கள். முதல் ஆட்டம் தோற்று, கடைசி ஆட்டத்தைக் கறுப்பில் வென்று, 6.5-5.5. முடிந்த பிறகுதான் சொன்னார், திரைக்குப் பின்னால் யார் யார் உதவினார்கள் என்று. அந்தப் பட்டியலில் கிராம்னிக் பெயரும் இருந்தது! இரண்டு வருடம் முன்பு ஜெர்மனியின் பான் நகரில் ஆனந்திடம் பட்டப் போட்டியில் தோற்றவர் அவர். ஆனாலும் கழிப்பறைக் கதவு மறக்கவில்லை.

ஓரச்சிப்பாய்

பழைய பலகை ஐயா, ஷார்ட் கதை எனக்கு மறந்தே போயிருந்தது. நன்றி.

ஆனந்த் என்றதும் 2021 நினைவு வருகிறது. கோவிட் நிவாரணத்துக்காக ஒரே நேரத்தில் பல பிரபலங்களோடு ஆடினார். அதில் தொழிலதிபர் நிகில் காமத் ஆனந்தை ஜெயித்துவிட்டார். மறுநாள், எனக்குக் கம்ப்யூட்டர் உதவியும் தெரிந்தவர்கள் உதவியும் இருந்தது, வேடிக்கைக்காகச் செய்தேன் என்று மன்னிப்புக் கேட்டார். ஆனந்த் சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான்: பலகையில் இருந்த நிலையை ஆடினேன், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்தேன். பெரிய சத்தம் இல்லை, பட்டியல் இல்லை. ஆனந்த் பேட்டிகளே அப்படித்தான், முள்ளை எடுத்துவிட்டு மீனை வைப்பார்.

குதிரைவால்

குகேஷும் அப்படித்தானே! 2025 ஜூன், ஸ்டாவங்கர். (ரசிகரே, உங்கள் ஊர்!) கார்ல்சன் வெல்ல வேண்டிய ஆட்டத்தை நேர நெருக்கடியில் குகேஷிடம் விட்டு, மேசையை ஓங்கிக் குத்தினார், காய்கள் குதித்தன. அதற்கப்புறம் குகேஷ் முதுகில் தட்டிவிட்டுப் போனார். குகேஷ் பேட்டியில், நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை நான் தோற்றிருப்பேன், இன்று அதிர்ஷ்டம் என்கிறார். மேசைக் குத்தை விட எனக்கு அந்தப் பேட்டிதான் பிடித்தது.

குகேஷ் மேல்கூடச் சேறு விழாமல் இல்லை. 12 டிசம்பர் 2024, சிங்கப்பூர், உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டம். எதிரே ஆடிய சீனாவின் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தப்பான இடத்தில் வைத்தார், ஆட்டம் முடிந்தது. குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன். இங்கே நாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கிறோம், ரஷ்ய செஸ் கூட்டமைப்பின் தலைவர் ஃபிலாடோவ், டிங் வேண்டுமென்றே தோற்றாரா என்று விசாரியுங்கள் என்கிறார். நம் கிராம்னிக்கோ, 'நாம் அறிந்த செஸ்ஸின் முடிவு' என்று எழுதுகிறார்.

ஸ்டாவங்கர் ரசிகன்

அந்த விசாரணைப் பேச்சு அபத்தம், அதில் நான் உங்கள் பக்கம். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, வேறு கவலையும் சேர்ந்து, டிங் கை தவறியது. பார்த்தவர் யாருக்கும் அது நடிப்பாகத் தெரியாது. குகேஷ் அழுதுகொண்டே காய்களை மறுபடி அடுக்கி வைத்ததைத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்கிறேன். கார்ல்சன் விலகியது தவறு என்று ஃபிடேவே 2023 டிசம்பரில் 10,000 யூரோ அபராதம் போட்டது. மற்ற குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தார்கள். நீமன் போட்ட 10 கோடி டாலர் வழக்கு தள்ளுபடியானது, பிறகு சமரசம். சின்க்ஃபீல்டில் ஏமாற்றியதற்குத் தீர்மானமான ஆதாரம் இல்லை என்று கார்ல்சனும் ஒப்புக்கொண்டார். 2024இல் பாரிஸில் இருவரும் நேரில் ஆடினார்கள், கார்ல்சன் 17.5-12.5. என் மனதில் அது அங்கேயே முடிந்துவிட்டது.

எலோ கணக்குப்பிள்ளை

கிராம்னிக்கின் கணக்கு ஏன் தப்பு என்று யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

2023 நவம்பரில் அவர் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் நகமுராவைக் குறிவைத்தது, ஆன்லைன் பிளிட்ஸில் (அதிவேக ஆட்டம்) 46 ஆட்டத்தில் 45.5 புள்ளி எடுத்த ஒரு தொடரைக் காட்டி. கேட்டதும் நமக்கும் புருவம் ஏறும். ஆனால் ரேட்டிங் கணக்கிடும் எலோ சூத்திரத்தில் 400 புள்ளி குறைந்தவரோடு ஆடினால் ஓர் ஆட்டத்துக்கு எதிர்பார்ப்பு 0.91. டிராவை மறந்துவிட்டுச் சொன்னால், 45 ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வாய்ப்பு எழுபதில் ஒன்றுக்குப் பக்கம். 300 புள்ளி வித்தியாசம் என்றால் எதிர்பார்ப்பு 0.85, வாய்ப்பு ஆயிரத்து அறுநூறில் ஒன்று. சரி, அரிதுதான். நகமுரா ஆடியிருப்பதோ பல்லாயிரம் ஆட்டம். அதில் எங்காவது ஒரு நீண்ட தொடர் வரத்தான் செய்யும். அதைத் தேடி எடுத்து, வட்டம் போட்டு, 'பார்' என்பது, லாட்டரியில் விழுந்தவனை மட்டும் நிறுத்தி உனக்கு எப்படி விழுந்தது என்று கேட்பது போல.

ஆன்லைனில் ஏமாற்றுகிறவர்கள் நிறைய என்று கிராம்னிக் சொல்வது பொய் இல்லை. செஸ்.காம் கிராண்ட்மாஸ்டர்கள் கணக்குகளையே மூடியிருக்கிறது. நோய் உண்மை. இவர் கை வைக்கும் நாடிதான் தப்பு.

ஓரச்சிப்பாய்

என்னால் இதை லேசாக எழுத முடியவில்லை. 2024 அக்டோபரிலிருந்து கிராம்னிக் விடாமல் சந்தேகித்தவர்களில் ஒருவர் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி. அவருடைய எண்ட்கேம் பாடங்களைப் பார்த்துத்தான் நான் யானை முடிவாட்டமே ஒழுங்காகக் கற்றேன். கோபமே வராத குரல். குற்றச்சாட்டுகள் தன்னை அரித்தெடுப்பதைத் தன் ஒளிபரப்பிலேயே சொன்னார். 2025 அக்டோபரில் 29 வயதில் இறந்துபோனார். செக் கிராண்ட்மாஸ்டர் நவாராவும் அதே மாதிரி சந்தேகத்துக்கு ஆளாகி, எவ்வளவு உடைந்துபோனேன் என்று வெளிப்படையாக எழுதியவர். கிராம்னிக் மேல் ஃபிடே தன் நெறிமுறைக் குழுவிடம் புகார் கொடுத்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

எலிஸ்டாவில் கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு இது எப்படி வலிக்கும் என்று எல்லோரையும் விட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பழைய பலகை

தெரிந்ததால்தான் செய்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது தம்பி. அன்று தன்னை யாரும் முழுதாக நம்பவில்லை. மாமியாரிடம் பட்ட மருமகள் மாமியாரானால் என்ன செய்கிறாள், பார்த்ததில்லையா.

மண்டபத்து நடுவர்

எல்லா மருமகளும் அப்படி இல்லை ஐயா. நான் சொன்னேனே, தாத்தா மூக்கைச் சொறிந்த கதை. அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படிக்கிறது. சென்ற மாதம் ஒரு போட்டியில் எதிர்மேசைப் பையனின் அக்கா உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கவனித்துவிட்டு அவளை நகர்த்தப் போனேன். இந்தப் பெண் கையைத் தூக்கி, 'சார், அவங்க மணி பார்க்குறாங்க, விடுங்க' என்றது. அன்று ஆட்டத்தில் தோற்றதும் அந்தப் பெண்தான்.

வாசலில் காத்திருப்பவள்

நான் எழுதியதைப் பையன் பார்த்துவிட்டான். யார் என்று உடனே கண்டுபிடித்துவிட்டான், உடைந்த ஸ்கிரீன் என்று எழுதியது என் தப்பு. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போனவன் திரும்பி வந்து, 'அந்தத் தலையணை விஷயத்தை எடுத்துடும்மா, யாராவது படிச்சிட்டு நாளைக்கு என்னைக் கேட்டா?' என்றான்.

எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா?

குதிரைவால்

எடுத்துவிடுங்கள் அக்கா.

ஸ்டாவங்கர் ரசிகன்

எடுத்துவிடுங்கள். நான் மேலே எழுதிய பதிலையும் சேர்த்து.

வாசலில் காத்திருப்பவள்

அவனே இப்போது வந்து, 'சரி இருக்கட்டும், ஆனா பதினொன்னு இல்ல, பத்து வயசுன்னு மாத்து' என்கிறான். பதினொன்றுதான். மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு முதல் சுற்று.